குற்றவாளி யார்?

வீட்டில் ஒரு பொருள் பழுதானால் நாம் கேட்கும் முதற்கேள்வி எது? “எதனால் கெட்டது?” என்று கேட்பவர் சிலரே. “யார் கெடுத்தது?” என்று கேட்பவரே பலர். குடம் உடைந்தாலும் கடிகாரம் நின்றாலும், கடைசியாகத் தொட்டவனே குற்றவாளி. நீதிமன்றத்தில்கூடச் சாட்சியம் கேட்பார்கள். வீட்டில் அதுவும் கிடையாது. இந்தப் பழக்கம் ஒரு சிறுவனை எவ்வாறு குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது என்பதையும், நம் இயற்பியல் ஆய்வகத்தில் அன்றாடம் பழகும் எளிய முறை ஒன்று அவனை எவ்வாறு மீட்டது என்பதையும் சொல்வதே இக்கட்டுரை. சிறுவன் என் தம்பி. பழுதான பொருள் எங்கள் வீட்டுக் கணிப்பொறி.

அப்பா விசைத்தறி ஓட்டுபவர். அம்மா அதே கொட்டகையில் தார் சுற்றுபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அந்தப் பெருமைக்காக அம்மா சீட்டு எடுத்து, கட்டட வரைபடம் போடும் அலுவலகம் ஒன்று கழித்துவிட்ட கணிப்பொறியை 9,000 ரூபாய்க்கு வாங்கித் தந்தார். வரைபட வேலைக்கென அவர்கள் பொருத்திய கிராபிக்ஸ் அட்டையும் உள்ளேயே இருந்தது. தெருவினருக்கு விண்ணப்பங்கள் நிரப்பியும், மாணவர்களின் அறிக்கைகளைத் தட்டச்சு செய்தும் என் தேர்வுக் கட்டணத்தை நானே ஈட்டிவந்தேன். மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் அது தம்பியின் உடைமை. பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் அவனுக்குக் கார்ப் பந்தய விளையாட்டில் உயிர்.

ஓராண்டு ஒழுங்காக ஓடிய பொறி, ஒரு நாள் பந்தயத்தின் நடுவே உறைந்தது. கார் பாதி வளைவில் நின்றது. ஒலிபெருக்கி ஒரே ஓசையைப் பிடித்துக்கொண்டு இரைந்தது. எந்தப் பொத்தானுக்கும் பதிலில்லை. அணைத்துப் போட்டால் மீண்டும் ஓடும்; பிறகு பத்து நிமிடத்திலோ ஒன்றரை மணியிலோ மறுபடியும் உறையும்.

தீர்ப்புகள் வரிசையாக வந்தன. “விளையாடி விளையாடியே கெடுத்துட்டான்” என்றார் அப்பா. “வேலைக்கு வாங்கினதை விளையாட்டுக்கு விட்டா இப்படித்தான்” என்றார் அம்மா. கடைக்காரரோ பெட்டியைத் திறக்காமலே, “ஹேங் ஆகுதுன்னா மதர்போர்டு போயிடுச்சும்மா. 6,500 ரூபா ஆகும்” என்றார். சீட்டுத் தவணையே இன்னும் நான்கு மாதம் பாக்கி இருந்தது. இறுதியில் அப்பா, வந்த விலைக்கு விற்றுவிடலாம் என்று முடிவு செய்தார். தம்பி பேச்சையே நிறுத்திக்கொண்டான். அம்மாவோ என்னிடம், “பி.எஸ்ஸி. படிக்கிறியே கண்ணு, இது என்னன்னு உனக்குத் தெரியாதா?” என்று கேட்டார்.

நண்பர்களே! முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நம்மில் இந்தக் கேள்வியைச் சந்திக்காதவர் யார்? மின்விசிறி நின்றாலும், வங்கியிலிருந்து கடிதம் வந்தாலும், நாம் எல்லாம் அறிந்தவர்கள் என்றே வீடு நம்புகிறது. கணிப்பொறிப் பழுது பார்ப்பது நம் பாடத்திட்டத்தில் இல்லை. ஆனால் வேறொன்று இருக்கிறது. ஓம் விதியைச் சரிபார்க்கும்போது என்ன செய்கிறோம்? மற்றவற்றை மாறாமல் வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றுகிறோம். கண்டதைக் கண்டபடி அட்டவணையில் எழுதுகிறோம். இது எந்தப் பொறிக்கும் பொருந்துமல்லவா? அப்பாவிடம் இரண்டு வாரத் தவணை கேட்டு வாங்கினேன்.

முதலில் ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். நாள், நேரம், செய்த வேலை, உறைய எடுத்த நிமிடங்கள். முதல் நான்கு நாட்களில் ஏழு முறை உறைந்தது. நிமிடக் கணக்கில் ஒழுங்கே இல்லை. ஆனால் ஏழும் விளையாட்டின் போதே நிகழ்ந்தன. தட்டச்சின் போது ஒன்றுகூட இல்லை. உறைந்த வேளையில் விசைப்பலகையின் ‘நம் லாக்’ பொத்தானை அழுத்திப் பார்த்தேன். விளக்கு மாறினால் விளையாட்டு மட்டும் சிக்கிக்கொண்டது என்று கொள்ளலாம். மாறாவிட்டால் பொறி முழுவதுமே நின்றுவிட்டது என்று பொருள். விளக்கு மாறவில்லை.

விண்டோஸ் தனக்கு நேர்ந்தவற்றை நிகழ்வுப் பதிவேட்டில் எழுதி வைக்கிறது. அங்கே ‘கெர்னல்-பவர் 41’ என்ற குறிப்பு இருந்தது. முறைப்படி மூடப்படாமல் பொறி மீண்டும் தொடங்கியது என்பதே அதன் பொருள். உறைந்ததை நாமே அணைத்தாலும் அக்குறிப்பு விழும். இறப்புச் சான்றிதழ் போல அது நிகழ்ந்ததைச் சொன்னதே தவிர, காரணத்தைச் சொல்லவில்லை.

அடுத்து வெப்பம். விளையாட்டின் உச்சத்தில் செயலி 66 பாகை செல்சியசும், கிராபிக்ஸ் அட்டை 74 பாகையும் காட்டின. பல செயலிகள் 100 பாகையை நெருங்கும்போதுதான் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். பஞ்சுத் தூசி படியும் ஊர் எங்களுடையது. ஆகவே உள்ளே தூய்மை செய்தேன். வெப்பம் ஐந்து பாகை இறங்கியது; உறைவது நிற்கவில்லை. பிறகு நினைவகம். மெம்டெஸ்ட் என்னும் நிரலைப் பென் டிரைவில் ஏற்றி இரவு முழுதும் ஓடவிட்டேன். ஒவ்வொரு நினைவறையிலும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும் நிரல் அது. காலையில் பிழை எண்ணிக்கை சுழியம். கிராபிக்ஸ் அட்டையின் டிரைவரை நீக்கிப் புதிதாக நிறுவினேன். அன்று மாலையே 38-ஆம் நிமிடத்தில் உறைந்தது. நோட்டில் ஒவ்வொரு பெயராக அடிக்கப்பட்டுக்கொண்டே வந்தது.

இவ்விடத்தில் எனக்கு உதவியது கணித ஆர்வலர்களின் நிரல் ஒன்று. மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக ஜார்ஜ் வோல்ட்மேன் என்பவர் 1996-இல் ஒரு கூட்டு முயற்சியைத் தொடங்கினார். உலகெங்கும் உள்ள கணிப்பொறிகள் அதில் பங்கு கொள்கின்றன. 2024-இல் அவ்வாறு கண்டறியப்பட்ட பகா எண்ணில் 4,10,24,320 இலக்கங்கள் உள்ளன. அத்தேடலுக்கான ‘பிரைம்95’ நிரல், செயலியைக் கடுமையாக வேலை வாங்கி, வந்த விடையைத் தெரிந்த விடையோடு ஒத்துப் பார்க்கும் சோதனையையும் உடையது. இன்டெல் நிறுவனத்தின் ஆறாம் தலைமுறைச் செயலிகளில் சில கணக்குகளின் போது பொறி உறைந்ததை இந்நிரல்தான் வெளிக்கொணர்ந்தது. 2016 ஜனவரியில் நிறுவனமே அதை ஒப்புக்கொண்டு திருத்தம் வழங்கியது. பயனற்ற பொழுதுபோக்கு என்று சிலர் எண்ணக்கூடிய பகா எண் வேட்டை, பொறிகளுக்கு மருத்துவராக ஆனது விந்தையன்றோ!

செயலிக்கு மட்டும் ஒரு மணி நேரம் வேலை கொடுத்தேன், உறையவில்லை. கிராபிக்ஸ் அட்டைக்கு மட்டும் வேலை கொடுத்தேன், உறையவில்லை. இரண்டையும் சேர்த்து ஓட்டினேன். ஏழாம் நிமிடத்தில் உறைந்தது! விளையாட்டு இவ்விரண்டையும் ஒன்றாகத்தானே வேலை வாங்குகிறது? தனித்தனியே தாங்கும் இருவரும் சேர்ந்தால் தாங்கவில்லை என்றால், இருவருக்கும் சோறு போடும் கை ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? அந்தக் கை, மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி.

தறிக் கொட்டகைக்கு வரும் எலக்ட்ரீஷியன் அண்ணன் மல்டிமீட்டரோடு வந்தார். மஞ்சள் கம்பி 12 வோல்ட், கறுப்பு தரை. 5 விழுக்காடு ஏற்ற இறக்கம் வரை அனுமதி உண்டு, அதாவது 11.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. பொறி சும்மா இருந்தபோது 11.86 காட்டியது. இரு சோதனைகளையும் சேர்த்து ஓட்டியபோது 11.1-க்கு விழுந்தது. பழைய மின்கலத்தில் மின்னோட்டத்தைக் கூட்டினால் மின்னழுத்தம் சரிவதை நாம் ஆய்வகத்தில் கண்டதில்லையா? பெட்டிக்குள் உள்ள மின்தேக்கிகளின் திரவம் ஆண்டுக்கணக்கில் வெப்பத்தில் உலர்ந்து போவதுண்டு. பிறகு சுமை ஏறும்போது அவற்றால் ஈடுகொடுக்க இயலாது. அழுத்தம் தள்ளாடினால் 0 எது, 1 எது என்று பொறிக்கே தடுமாற்றம் வந்து அப்படியே நின்றுவிடும்.

தோழர்களுக்கு ஓர் எச்சரிக்கை: எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தின் உச்ச அளவு ஏறத்தாழ 325 வோல்ட். மின் இணைப்பைத் துண்டித்த பின்னும் அந்த மின்னூட்டம் உள்ளே சிறிது நேரம் தங்கியிருக்கக்கூடும்.

வகுப்புத் தோழி ஒருத்தி தன் பொறியின் எஸ்.எம்.பி.எஸ்.ஸை இரண்டு நாள் இரவல் தந்தாள். மாற்றினோம், இரண்டு மாலையும் உறையவில்லை. “அப்புறம் என்ன, புதுசு வாங்கிடலாமே அக்கா” என்றான் தம்பி; பல நாளுக்குப் பின் அவன் பேசிய முதற்சொல். நான் சம்மதிக்கவில்லை. பழையதை மீண்டும் பொருத்தினேன். ஒன்பதாம் நிமிடத்தில் உறைந்தது. பழுதை நீக்கவும் திரும்ப வரவழைக்கவும் முடிந்தால்தான் காரணம் உறுதி. அதுவரை அது ஊகமே.

புதிய பெட்டி 1,900 ரூபாய். மதர்போர்டு நலமாகவே இருந்தது. விளையாட்டு இல்லாதிருந்தாலும் அந்தப் பெட்டி தளர்ந்துதான் இருக்கும். ஒருநாள் என் தட்டச்சின் நடுவிலேயே நின்றிருக்கும். தம்பியின் விளையாட்டு நோயைத் தரவில்லை, நோயைக் காட்டிக்கொடுத்தது.

நோட்டை அப்பாவிடம் காட்டினேன். அவர் ஏழாம் வகுப்போடு நின்றவர். ஆனாலும் அடித்த பெயர்களையும் அடிக்காமல் விட்ட ஒரு பெயரையும் விரலால் தடவிப் பார்த்தார். “தறி நின்னா நாங்களும் இப்படித்தான், இழை இழையாப் பார்த்துட்டு வருவோம்” என்றார். பிறகு உள்ளே பார்த்து, “டேய், வந்து உன் வண்டியை ஓட்டுடா” என்றார். அவர் வழங்கிய விடுதலைத் தீர்ப்பு அவ்வளவுதான்.

வள்ளுவரும் மருந்து அதிகாரத்தில், நோய் இன்னதென்று அறிந்து, அது வந்த காரணத்தையும் தெளிந்து, அதன் பிறகே தீர்க்கும் வழியைத் தேடச் சொல்கிறார். நடுவில் உள்ள படியைத் தாண்டிக் குதிப்பவர்க்கு இரு வகை இழப்பு உண்டு. ஒன்று பணம், 6,500-க்கும் 1,900-க்கும் உள்ள வேறுபாட்டை எவரும் கணக்கிடலாம். மற்றொன்று, செய்யாத குற்றத்தைச் சுமந்துகொண்டு வீட்டின் மூலையில் வாய்மூடி உட்காரும் ஒரு பிள்ளையின் மனம். அதற்கு எந்தக் கடையில் உதிரிப்பாகம் கிடைக்கும்?

நாம் பெறப்போகும் பட்டம் நமக்கு வேலை தரலாம். காலம் தாழ்த்தியும் தரலாம். ஆனால் “யார்?” என்று எழும் குரலுக்கு முன்னால் “எது?” என்று அமைதியாகக் கேட்கும் துணிவை இந்த இரண்டாம் ஆண்டிலேயே அது தந்துவிட்டது. அதை வகுப்பறையில் பூட்டி வைக்காமல் வீட்டுக்கும் எடுத்துச் செல்வோம்.