குண்டு வைத்த கார்

சித்ரோயன் பி.எக்ஸ். காருக்கு ஸ்பிரிங் கிடையாது. சக்கரத்துக்கு ஒன்றாக இரும்புக் குண்டு. குண்டுக்குள் ரப்பர் சவ்வு. சவ்வுக்கு இந்தப் பக்கம் நைட்ரஜன், அந்தப் பக்கம் அழுத்தத்தில் நிற்கும் பச்சை எண்ணெய். பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் அடியை வாங்கிக்கொள்வது அந்த நைட்ரஜன்தான். பழைய பி.எக்ஸ். என்றாலே பிரான்ஸில் பல மெக்கானிக்குகள் கையைக் கழுவிவிடுவார்கள். அதை வீட்டு முற்றத்தில் போட்டுப் பிரித்துப் பூட்டுகிறவர் ரென் நகருக்கு வெளியே இருக்கிறார் என்று பாரிஸ் நண்பர் சொன்னார். கிளம்பிவிட்டேன்.

பெரியவர் எழுபதைத் தாண்டியவர். அந்த ஊர்ப்பக்கம் இருக்கும் சித்ரோயனின் லா ஜனே தொழிற்சாலை 1961இல் உற்பத்தியைத் தொடங்கியது. பிரெத்தாஞ் பகுதி விவசாயக் குடும்பத்துப் பையன்களைக் கம்பெனி பஸ் ஊர் ஊராகப் போய் ஏற்றிவரும். இவரும் விடியலில் அப்பாவுடன் மாடு கறந்துவிட்டு அந்த பஸ்ஸைப் பிடித்தவர்தான். 1982இல் பி.எக்ஸ். வந்தபோது கதவு பூட்டும் இடத்தில் நிற்க வைத்தார்கள்.

"காலையிலும் கதவு, சாயங்காலமும் கதவு. வண்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததே ஓய்வுபெற்ற பிறகுதான்" என்றார். ஆயிரக்கணக்கில் வண்டி செய்த ஆள் சொல்கிற பேச்சா இது!

அன்றைக்கு அவருடைய 1989 மாடல் வண்டியில் பின்பக்கக் குண்டு ஒன்றை மாற்றும் வேலை. வண்டியின் மூலையை உள்ளங்கையால் அழுத்திக் காட்டினார். கல்லாக நின்றது. நைட்ரஜன் வருஷக்கணக்கில் சவ்வு வழியாகக் கசிந்துபோனால் இப்படித்தான் ஆகும்.

என்ஜினைப் போட்டு உயர லீவரை மேலே தள்ளினார். முதலில் பின்பக்கம், பிறகு முன்பக்கம் என்று ஒட்டகம்போல எழுந்தது வண்டி. உடனே அடியில் ஸ்டாண்டுகளை நிறுத்தினார். எண்ணெயை நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது. அழுத்தம் போனால் வண்டி ஆள்மேலேயே உட்கார்ந்துவிடும். லீவரைக் கீழே இறக்கி, என்ஜினை நிறுத்தி, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியில் இருக்கும் திருகை ஒரு சுற்று மட்டும் தளர்த்தினார். உஸ்ஸென்று ஒரு சத்தம். திருகை முழுக்கக் கழற்றினால் உள்ளேயிருக்கும் பொடிக் குண்டுமணி உருண்டு ஓடிவிடுமாம். பிரேக்குக்கும் இதே எண்ணெய்தான் என்று ஆரம்பித்து வால்வுகளின் வரிசையை விளக்கினார். எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டது ஒன்று: இதில் சாதாரண பிரேக் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல் எல்லாம் ஊறிக் கெட்டுப்போகும்.

பழைய குண்டு துருவேறி ஒட்டிக்கிடந்தது. அதற்கென்று அவர் வைத்திருக்கும் செயின் ரெஞ்ச் கடையில் வாங்கியதல்ல. பழைய மோட்டார்சைக்கிள் செயினை இரும்புக் குழாயோடு பற்றவைத்து அவரே செய்தது. பிடி இருக்கும் இடத்தில் சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தார். செயினைக் குண்டின் இடுப்பில் கட்டி, குழாயைக் காலால் உதைத்தார். இரண்டாவது உதையில் கிரீச்சென்று இளகியது. புது ரப்பர் வளையத்தில் பச்சை எண்ணெயைத் தடவிப் பதித்து, புதுக் குண்டை வெறும் கையால் திருகினார். ரெஞ்சைத் தொடவில்லை.

"உள்ளே அழுத்தம் ஏறினால் வளையம் தானாக அடைத்துக்கொள்ளும். ரெஞ்ச் போட்டு இறுக்கினால் அடுத்த தடவை கழற்றுகிறவன் திட்டுவான். இங்கே அடுத்த தடவையும் நான்தான்."

வேலை இவ்வளவுதான். இதைச் செய்யத் தெரியாத ஒர்க்‌ஷாப்காரர்கள் "சஸ்பென்ஷனே போச்சு" என்று சொல்லி எத்தனை குடும்பங்களின் வண்டியைக் காயலான் கடைக்கு அனுப்பியிருப்பார்கள்! 1994இல் அரசாங்கமும் சேர்ந்துகொண்டது. பத்து வயதான காரைக் கழித்துக்கட்டிவிட்டுப் புதுசு வாங்கினால் 5,000 பிராங்க். முதல் பி.எக்ஸ்.கள் பத்து வயதைத் தாண்டியிருந்த நேரம் அது. வாயு தீர்ந்ததைத் தவிர வேறு குறையில்லாத வண்டிகளும் அதில் நசுங்கியிருக்கும். மிச்சம் மீதி வண்டிகளை இப்போது உதிரிபாக வியாபாரிகள் மொத்தமாக வாங்கிப் பிரித்துப் பதுக்குகிறார்கள். அன்றைக்குக் குப்பை என்று ஓட்டுபவனிடம் பிடுங்கியதை இன்றைக்கு அபூர்வம் என்று அவனுக்கே விற்கிறார்கள். இரண்டு முறையும் லாபம் நடுவில் நிற்பவனுக்கு. பூட்டியவனுக்கும் ஓட்டியவனுக்கும் ஒன்றுமில்லை.

நான் பொரிந்ததைப் பெரியவர் கண்டுகொள்ளவில்லை. முப்பது வயதைக் கடந்த வண்டிக்குப் பிரான்ஸில் 'சேகரிப்பு வண்டி' என்று பதிவு மாற்றிக்கொள்ளலாம். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வண்டியைக் காட்ட வேண்டிய தகுதிச் சோதனை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஆகிவிடும். ஏன் மாற்றவில்லை என்று கேட்டேன். "உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றுகிற வண்டிக்கு அந்தப் பட்டம் எதற்கு?" என்றார்.

குண்டைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை, புதிதாகவே கிடைக்கிறது. எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பும் ரப்பர் குழாய்க் கொத்துதான் தலைவலி. எட்டுக்கால் பூச்சிபோலக் கிளை பிரியும் அது, வெயிலிலும் குளிரிலும் காய்ந்து வெடிக்கிறது. அசல் கொத்துக்கு ஒரு வியாபாரி சொன்ன விலையைக் கேட்டுவிட்டு, சாதாரண ரப்பர் குழாயையும் பித்தளை இணைப்புகளையும் மேஜைமேல் பரப்பி வைத்திருக்கிறார். இரண்டு கிளை முடிந்திருந்தது. மற்றவற்றுக்கு அளவெடுத்துச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார்.