லைட்டு எரியுது சார்!

நம் ஊர் சாலைகளில் மனிதாபிமானம் செத்துப்போய்விட்டது என்று யாராவது புலம்பினால் நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். சந்தேகம் இருந்தால் பைக்கில் சைடு ஸ்டாண்டை மடக்காமல் கிளம்பிப் பாருங்கள். அடுத்த சிக்னலுக்குள் நாலு பேராவது துரத்திக்கொண்டு வந்து, "ஸ்டாண்டு... ஸ்டாண்டு!" என்று காலை உதைத்துக் காட்டிவிட்டு, ஒரு தேங்க்ஸ்கூட எதிர்பார்க்காமல் பறந்துவிடுவார்கள். பின்சீட் பெண்ணின் துப்பட்டா சக்கரத்துப் பக்கம் தொங்கினால் பஸ் ஜன்னலிலிருந்தே குரல் வரும்.

இந்த வரிசையில் மூன்றாவதாக ஒரு சேவை உண்டு. எதிரே வருகிறவர் ஐந்து விரலையும் குவிப்பார், விரிப்பார், மறுபடி குவிப்பார். தாமரை மலர்ந்து மூடுகிற மாதிரி இருக்கும். பரதநாட்டியம் இல்லை. 'பகல்ல லைட்டு எரியுது, அணைப்பா' என்று அர்த்தம்.

2017-ல் நான் புது பைக் வாங்கிய முதல் நாள், தாம்பரத்திலிருந்து கிண்டிக்குப் போவதற்குள் எத்தனை தாமரை என்று எண்ண ஆரம்பித்தேன். பல்லாவரத்தோடு விட்டுவிட்டேன். அணைக்கலாம்தான். சுவிட்ச் இருந்தால்தானே அணைக்க!

அந்த வருஷம் ஏப்ரல் 1-லிருந்து வந்த புது டூவீலர்களில் ஹெட்லைட் சுவிட்ச் கிடையாது. என்ஜின் உறுமினால் லைட் எரியும், என்ஜின் நின்றால் லைட்டும் நிற்கும். சாலைப் பாதுகாப்புக்காக சுப்ரீம் கோர்ட் அமைத்த குழுவின் சிபாரிசு, மத்திய அரசின் உத்தரவு. அதே ஏப்ரல் 1-லிருந்துதான் பி.எஸ்.3 வண்டிகளை விற்கக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட் மார்ச் 29-ல் சொல்ல, கடைசி இரண்டு நாள் ஷோரூம்களில் ஆடித் தள்ளுபடி தோற்றுப்போகிற கூட்டம். அந்தக் கலாட்டாவில் இந்த லைட் விஷயம் பலர் காதில் விழவே இல்லை.

வீட்டில் அப்பா முகம் சுளித்தார். "பட்டப்பகல்ல எதுக்குடா விளக்கு? பெட்ரோல் என்ன சும்மாவா வருது?"

"அணைக்க முடியாதுப்பா. சுவிட்சே கிடையாது."

"என்ன வண்டிடா இது!"

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆளில்லாத ரூமில் ட்யூப்லைட் எரிந்தால் தூக்கத்திலிருந்துகூட எழுந்து வந்து அணைக்கிற தலைமுறை. நம்ம மெக்கானிக்கோ ஒரு படி மேலே போய்விட்டார்.

"ஒரு சுவிட்ச் போட்டுக் குடுத்துடறேன் சார். ஒயரைக் கட் பண்ணி நடுவுல வச்சா முடிஞ்சுது. பத்து பேருக்குப் போட்டாச்சு."

"ஏம்ப்பா, கம்பெனிக்காரன் வேணும்னே எடுத்ததை நீ வேணும்னே மாட்டறியா?"

"கம்பெனிக்காரனுக்கு என்ன சார் தெரியும், நம்ம ஊரு வெயிலு!"

நான் பி.காம். பிசிக்ஸுக்கும் எனக்கும் ஒத்துவராது. ஆனால் கணக்கென்று வந்துவிட்டால் விடமாட்டேன். சாதாரண பைக்கின் ஹாலஜன் பல்பு 35 வாட். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். நூறு சி.சி. என்ஜினுக்கு சுமாராக எட்டுக் குதிரை. அதாவது எட்டுக் குதிரை பூட்டிய வண்டியில், ஒரே ஒரு குதிரையின் இருபதில் ஒரு பங்கைத்தான் அந்த லைட் தின்கிறது. குதிரை வாலுக்குக்கூடக் காணாது. எல்.ஈ.டி. என்றால் அதுவும் குறைவு. சுவிட்ச் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அப்பாவுக்கு இந்தக் குதிரைக் கணக்கு ஏறவில்லை. அவருக்கு உறைத்தது வேறொரு நாள்.

என் சித்தி பையன் பெருங்குடியில் வேலை பார்க்கிறான். வண்டி 2013 மாடல், சுவிட்ச் வைத்தது. ஒரு நவம்பர் மாதம், மதியம் மூன்று மணி, ஊசி மாதிரி மழை. இவன் போட்டிருந்தது சாம்பல் கலர் ரெயின்கோட். வானம் சாம்பல், ரோடு சாம்பல், ஆள் சாம்பல். வேளச்சேரி பக்கம் எதிரே வந்த கார், சந்துக்குள் நுழைய வலதுபக்கம் திரும்பியது. நேரே இவன் மேல். காலர் எலும்பு முறிவு, ஆறு வாரம் கட்டு.

கார்க்காரர் ஓடிப்போகவில்லை. ஆஸ்பத்திரிக்கு அவரே கூட்டிக்கொண்டு வந்தார், மூன்று நாள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நின்றார். வந்தபோதெல்லாம் ஒரே வசனம்: "சத்தியமா சொல்றேன் சார், நான் பார்த்தேன். திரும்பறதுக்கு முன்னாடி பார்த்தேன். தம்பி என் கண்ணுல படவே இல்ல."

முதல் நாள் கோபம்தான் வந்தது. மூன்றாம் நாள் நம்பினேன். மனிதர் பொய் சொல்லவில்லை. கண்ணாடியில் மழை, வைப்பர் ஒருபக்கம், அதன் நடுவே சாம்பலுக்குள் சாம்பலாக ஒரு ஒல்லி உருவம். இன்னொரு சிக்கலும் உண்டு. லாரியையும் பைக்கையும் ஒரே தூரத்தில் நிறுத்தினால், சின்னதாக இருக்கிற பைக் இன்னும் தள்ளி இருப்பதாகத்தான் நம் கண்ணுக்குத் தோன்றும். 'வர நேரமாகும், திரும்பிடலாம்' என்று மனசு சொல்லும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரே செகண்டில் கிட்டத்தட்ட 17 மீட்டர் வந்துவிடும். முன்னால் ஒரு லைட் எரிந்தால், குறைந்தபட்சம் 'அங்கே ஏதோ வருது' என்றாவது தெரியும்.

கட்டுப் போட்ட கையோடு கட்டிலில் கிடந்தவனிடம் அப்பா, "ஏண்டா, நீ லைட்டு போட்டிருந்தியா?" என்று கேட்டார்.

"பகல்தானே பெரியப்பா. எனக்கு ரோடு நல்லாத் தெரிஞ்சுதே!"

எனக்குத் தெரிஞ்சுதே! இந்த ஒரு வார்த்தையில்தான் மொத்த விவகாரமும் இருக்கிறது. லைட் என்பது நான் பார்ப்பதற்கு என்றே நாம் பழகிவிட்டோம். பகல் லைட் நான் பார்க்க இல்லை, எதிராளிக்கு நான் தெரிவதற்கு.

ஸ்வீடன்காரன் 1977-லேயே பகலிலும் லைட் கட்டாயம் என்று சட்டம் போட்டான். அங்கே குளிர்காலத்தில் பகலே அந்தி மாதிரி, அதனால் என்று சொல்லலாம். மலேசியா நம்மைப் போல வெயில் ஊர்தானே? 1992-லிருந்து அங்கே மோட்டார் சைக்கிள்களுக்குப் பகலிலும் ஹெட்லைட் கட்டாயம். ஆஸ்திரியா கதை வேடிக்கையானது. 2005-ல் கார்களுக்கும் பகல் லைட்டைக் கட்டாயமாக்கிவிட்டு, 2008-ல் வாபஸ் வாங்கிவிட்டார்கள். எல்லாக் காரும் லைட் போட்டால் அந்த வெளிச்சத்தில் பைக்கும் நடந்து போகிறவரும் தொலைந்துபோவார்களே என்பது ஒரு வாதம். கல்யாண வீட்டில் எல்லாரும் பட்டுப்புடவை கட்டினால் கல்யாணப் பெண்ணைத் தேட வேண்டியிருக்கும் இல்லையா, அந்த மாதிரி.

மழை விஷயத்தில் கலிஃபோர்னியாவின் சட்டம் எனக்குப் பிடித்தது. 2005-லிருந்து அங்கே வைப்பர் தொடர்ந்து ஓடினால் ஹெட்லைட்டும் எரிந்தாக வேண்டும். யோசிக்கவே வேண்டாம். நம் சட்டமும் ஒன்றும் மோசமில்லை. மத்திய மோட்டார் வாகன விதி 105-ஐப் படித்தால், ராத்திரிக்கு மட்டுமல்ல, போதிய வெளிச்சம் இல்லாத எந்த நேரத்திலும் லைட் எரிய வேண்டும், 155 மீட்டர் முன்னால் இருப்பது தெளிவாகத் தெரிய வேண்டும் என்கிறது. ஏழெட்டு கிரிக்கெட் பிட்ச் தூரம். அடைமழையில் ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு பிட்ச் தூரம் தெரிந்தாலே பெரிசு.

நம்மவர்கள் மழையில் லைட்டே போடுவதில்லை என்று சொன்னால் பாவம். நாலு மூலையிலும் மினுக் மினுக்கென்று ஹஸார்டு லைட் போடுகிறார்கள்! பின்னால் வருகிறவனுக்கு, வண்டி ஓடுகிறதா, பஞ்சராகி நிற்கிறதா, லெஃப்ட்டில் திரும்பப் போகிறதா, ஒன்றும் புரியாது. இண்டிகேட்டர் போட்டால்கூடத் தனியாகத் தெரியாதே. இன்னொரு கோஷ்டி இருக்கிறது. காருக்கு முன்னால் புருவம் தீட்டின மாதிரி பளிச்சென்று பகல் விளக்கு தானாகவே எரியும். டாஷ்போர்டும் ஜொலிக்கும். ஓட்டுகிறவர் லைட் எரிவதாக நம்பி நிம்மதியாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டு போவார். பல கார்களில் அந்த விளக்கு முன்பக்கம் மட்டும்தான். பின்பக்கம் கும்மிருட்டு. லாரி வருவதோ பின்னாலிருந்து.

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம். பெருங்களத்தூர் தாண்டி நல்ல மழை. எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளிக் கலர் கார், ஹெட்லைட் கிடையாது, குட்டி பார்க்கிங் லைட் மட்டும் அழுது வடிந்துகொண்டு வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு கையை ஹேண்டில்பாரில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் ஐந்து விரலையும் குவித்தேன், விரித்தேன், குவித்தேன், விரித்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். நன்றியோடு தலையாட்டினார். எரிந்துகொண்டிருந்த அந்த பார்க்கிங் லைட்டையும் அணைத்துவிட்டுப் போய்விட்டார்.