மேற்கணக்கும் கீழ்க்கணக்கும்

குருதிக் குழாயைத் தமிழகத்தார் தமனி என்பர். நாம் பள்ளியில் நாடி என்றே படித்தோம். நாடி பிடித்துப் பார்க்கும் வழக்கத்தோடு ஒட்டிய சொல் என்பதால் எனக்கு இதுவே பிடிக்கும். அந்த நாடி விறைத்துப்போவது பற்றித்தான் எழுதுகிறேன்.

மன்னார்த் தீவின் தாராபுரத்தில் ஒரு பெரியவரை அறிவேன். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுலத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது புத்தளம் சென்று, போர் முடிந்தபின் ஊர் திரும்பியவர். அவருடைய கிளினிக் கொப்பியில் 172/68 என்றிருந்தது. "மேலதுதான் கூட, தம்பி. கீழது நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

நல்லதன்று. இளமையில் பெருநாடி இறப்பரைப்போல விரிந்து இதயத்தின் தள்ளுகையைத் தாங்கும். பின் சுருங்கி, இதயம் ஓயும் கணத்திலும் குருதியை ஓடச்செய்யும். வயதும் உயர் அமுக்கமும் அதன் மீள்நார்களைச் சிதைத்துவிட்டால் விரிய இயலாமல் மேல் எண் ஏறுகிறது. சுருங்க வலுவின்றிக் கீழ் எண் இறங்குகிறது. இரண்டுக்கும் இடையிலான 104 என்ற அந்த இடைவெளியே விறைப்பின் அடையாளம்.

விறைப்பை நேரே அளக்கவும் வழியுண்டு. துடிப்பலை கழுத்திலிருந்து தொடைக்கு ஓடும் வேகம் செக்கனுக்கு 10 மீற்றரைத் தாண்டினால் கவலைக்குரியது. சென்னையில் டொக்டர் மோகன் குழுவினர் நீரிழிவுக்காரரிடம் விறைப்பு மிகுந்திருப்பதை 2002இல் பதிவுசெய்தனர். ஆனால் இக்கருவி தீவுக்கு எப்போது வரும்?

குருதிப் பரிசோதனைகளின் கதை வேறு. சி-ரியக்டிவ் புரதம், யூரிக் அமிலம், ஹோமோசிஸ்டீன் ஆகியவை விறைப்புள்ளோரிடம் கூடுதலாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் கூறும். முதலாவது, பல்லில் சீழ் வைத்தாலும் ஏறும்! மூன்றாவதை விற்றமின்களால் குறைத்துப் பார்த்தார்கள். மாரடைப்பு குறையவில்லை என்று 2006இல் தெரிந்தது. வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் பணத்தை இப்பட்டியல்களில் கரைப்பது எனக்கு உடன்பாடன்று.

பயன் கண்டது எளிய வழிதான். மேல் எண் மட்டும் உயர்ந்த, 60 வயது கடந்தோருக்கு மலிவான நீர்மாத்திரையில் தொடங்கிச் சிகிச்சையளித்த அமெரிக்க ஆய்வு 1991இல் வெளியாயிற்று. பக்கவாதம் 36 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் மாத்திரையை நாளும் விழுங்கவேண்டும். தலைசுற்றினால் மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

உப்பும் நாடியை விறைக்கச் செய்யும். நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு காயும் கரையில் அது எளிதன்று. ஊறவைத்து அந்நீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் ஓரளவு போகும்.