கந்தையும் கோதடியும்

முலுண்ட் மேற்கில் ஓர் அடுக்ககத்தின் பொது அறையில் சனிக்கிழமைதோறும் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் வகுப்பு நடைபெறுகிறது. நீண்ட மேசைகள், பச்சை நிற வெட்டுப்பலகைகள், சக்கரம் போல் உருளும் கத்திகள், கண்ணாடி போன்ற அளவுகோல்கள் என எல்லாம் ஒழுங்காக இருக்கும். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமையன்று அனுபவம் மிக்க கைவினையாளர் ஒருவர் வருவார். தாம் தைத்த போர்வைகளை விரித்துக் காட்டி ஒரு மணிநேரம் பேசுவார். விடைபெறும்போது அவர் கையில் மதிப்பூதிய உறை ஒன்று தரப்படும்.

இவ்வகுப்பில் சேர்ந்தவர்களுள் அறுபத்தெட்டு வயதுத் தமிழ்ப் பெண்மணி ஒருவரும் உண்டு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மணமாகி மாட்டுங்காவுக்கு வந்தவர்; பிள்ளைகள் தலையெடுத்தபின் முலுண்டுக்குக் குடிபெயர்ந்தவர்; வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்றவர். அவரை வகுப்புக்கு அனுப்பியது ஒரு டிரங்குப் பெட்டி. மறைந்த தாயார் உடுத்திய ஏழு சுங்குடிச் சேலைகள் அதில் இருந்தன. உடுத்தும் நிலையில் அவை இல்லை. எறியும் மனம் அவருக்கு இல்லை.

வகுப்பின் இலக்கணம் கடுமையானது. போர்வைக்கு மூன்று அடுக்கு: மேலே ஒட்டுத்துணி, நடுவே பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி. துண்டுகளை இணைக்கையில் விளிம்பிலிருந்து கால் அங்குலம் விட்டே தையல் ஓட வேண்டும். ஒரு வரிசையில் பதினாறு துண்டுகள் என்றால் பதினைந்து இணைப்புகள். ஒவ்வோர் இணைப்பிலும் இரு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் பிசகினால், வரிசையின் முடிவில் மூன்று சென்டிமீட்டர் குறைந்துவிடும். வங்கிக் கணக்கைப் பைசா பிசகாமல் நேர்செய்து பழகிய அவருக்கு இந்தக் கண்டிப்பு பிடித்தே இருந்தது.

பிடிக்காதது கத்தி. ஐந்து அங்குலச் சதுரங்களாக வெட்டுமாறு ஆசிரியை கூறியபோது, முதற்சேலையைப் பலகைமேல் விரித்தவர் நெடுநேரம் அப்படியே நின்றார். பிறகு அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வீடு திரும்பிவிட்டார்.

அந்தத் தயக்கத்தின் வேர் அவரிடம் மட்டும் இல்லை. 'கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்று சொல்லி வளர்ந்த சமூகம் இது. தமிழில் கிழிந்த துணியைக் குறிக்கும் 'கந்தை'யும், வங்காளத்தில் தையற்போர்வையைக் குறிக்கும் 'காந்தா'வும் 'கந்தா' என்னும் ஒரே வடசொல்லின் வழிவந்தவை. ஒரு மொழியில் அச்சொல் கலையாயிற்று. மற்றொன்றில் வறுமையாகவே நின்றுவிட்டது. வங்கக் காந்தாவைப் பற்றி ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939-இலேயே ஆய்வுக்கட்டுரை எழுதினார். தமிழகத்தின் வெப்பத்துக்குப் பாயும் சமுக்காளமும் போதுமாயிருந்தன. கனத்த போர்வைக்குத் தேவை குறைவு. ஆயினும் ஒட்டுத்துணிக் கலை இங்கு அறவே இல்லை என்று சொல்ல முடியாது. கோயில் தேரில் தொங்கும் தொம்பைகளும் தோரணங்களும் துணியை வெட்டி, துணிமேல் ஒட்டித் தைத்தவையே. மனிதர் மேனியில் இருந்தால் ஏழ்மை, தேரில் தொங்கினால் அலங்காரம். பிறந்த குழந்தைக்கு மட்டும் இதில் விலக்குண்டு. பாட்டியின் பழஞ்சேலைதான் அதற்குத் தூளி, அதுவே விரிப்பு. பல்லாண்டு துவைத்த பருத்தியின் மென்மை புதுத்துணிக்கு வராது என்பதைத் தமிழ் வீடுகள் நன்கறியும்.

பையில் மடங்கிக் கிடந்த சேலையை முதலில் விசாரித்தவர், அவ்வீட்டில் பதினைந்து ஆண்டுகளாகப் பாத்திரம் துலக்கும் மராட்டியப் பெண். சதாரா மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்தவர். மும்பைத் தமிழ் வீடுகளின் வழக்கப்படி அவரை 'பாயி' என்றே அழைப்பார்கள். அவரோ இவரை 'ஆஜி' என்பார்.

"வெட்ட வேண்டாம் ஆஜி. மடித்தால் போதும்" என்றார் பாயி.

பாயி சொன்னது கோதடியை. மகாராட்டிரத்து வீடுகளில் தேய்ந்த சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, 'தாவ்தோரா' எனப்படும் ஓட்டுத் தையலால் இணைத்துச் செய்யும் போர்வை அது. உள்ளடுக்கில் முழுச்சேலையே மடிந்து கிடக்கும். பஞ்சு இல்லை, அளவுகோல் இல்லை. நான்கு விளிம்பிலும் தொடங்கும் தையல் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வரும். கிழிந்த இடத்தில் மட்டும் மேலே ஒட்டு விழும். அம்மண்ணில் அந்தச் சொல்லுக்குத் தாழ்வும் உண்டு, உயர்வும் உண்டு. ஒட்டுப்போட்ட கந்தலையே உடுத்தி ஊர் ஊராகத் தெருக்கூட்டிய காட்கே மகாராஜை மக்கள் 'கோதடே மகாராஜ்' என்று அழைத்தனர். அவர் பெயரால்தான் அம்மாநில அரசு பின்னாளில் ஊர்த் தூய்மை இயக்கம் நடத்தியது.

மூன்று மாதம் பிற்பகல்களில் இருவரும் கூடத்தில் அமர்ந்து தைத்தனர். இயந்திரத்தையலில் கால் அங்குலம் தவறாத ஆஜியின் கை, ஓட்டுத் தையலில் தடுமாறியது. பாயி பிரிக்கச் சொல்லவில்லை. "தையல் கோணலாக இருந்தால் குளிர் உள்ளே வந்துவிடுமா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த வரிசையைத் தொடங்கினார். தாயாரின் ஏழு சேலைகளில் ஐந்து அக்கோதடிக்குள் வெட்டுப்படாமல் அடங்கின.

அந்த மாதங்களில்தான் மற்றொன்றும் தெரியவந்தது. பாயி தம் வீட்டில் கோதடி தைத்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பருத்திச் சேலை கட்டுவோர் குறைந்துவிட்டனர். செயற்கை இழைச் சேலை தேய்ந்தாலும் மென்மையாவதில்லை, வியர்வையை உறிஞ்சுவதுமில்லை. பானிப்பட்டிலிருந்து வரும் மலிவுக் கம்பளியின் விலை, கோதடிக்குச் செலவாகும் நாட்களின் கூலியைவிடக் குறைவு. பாயியின் மகள்களுக்கு இத்தையல் தெரியாது. ஊரில் கற்பார் இல்லாத கலையை முலுண்டின் அடுக்ககத்தில் கட்டணம் செலுத்திக் கற்க முன்வருகிறார்கள். இதைக் கேலி செய்வது எளிது. ஆனால் அந்த அறைகள் இல்லையென்றால் இக்கலையைத் தேடி வருவோர் இன்னும் குறைந்துபோவர்.

ஆஜி வகுப்பில் ஒரு கோரிக்கை வைத்தார்: அடுத்த மாதம் பாயி பேசட்டும். ஏற்பாட்டாளர்கள் மகிழ்ந்தே ஒப்புக்கொண்டனர். பாயி உரை எதுவும் ஆற்றவில்லை. தரையில் கோதடியை விரித்து, முழங்காலால் ஒரு மூலையை அழுத்திக்கொண்டு தைத்துக் காட்டினார். கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொன்னார். நாற்காலியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தரைக்கு இறங்கினர். ஒரு மணிநேரம் இரண்டு மணிநேரம் ஆயிற்று.

முடிவில் பாயிக்கு ஒரு சேலை பரிசளிக்கப்பட்டது. உறை தரப்படவில்லை. தீய எண்ணம் எதுவும் இல்லை, அப்படித்தான் தோன்றியிருக்கிறது. ஆஜி எழுந்து, சென்ற மாதம் பேசியவருக்குத் தந்த தொகை எவ்வளவு என்று அனைவர் முன்னிலையிலும் கேட்டார். அறை அமைதியானது. அதே தொகை அன்றே தரப்பட்டது.

உலகெங்கும் தையற்போர்வைகளின் வரலாறு இந்த உறையைச் சுற்றியே வந்திருக்கிறது. அமெரிக்காவின் அலபாமாவில் கீஸ் பெண்ட் என்னும் ஊரின் கறுப்பினப் பெண்கள் பழைய வேலையாடைகளால் தைத்த போர்வைகள் 2002-இல் ஹூஸ்டனிலும் பின் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் தொங்கின. நவீன ஓவியங்களுக்கு நிகர் என்று புகழப்பட்டன. 2007-இல் அவர்களுள் சிலர், தமக்கு உரிய பங்கு வரவில்லை என்று வழக்குத் தொடுத்தனர். மறு ஆண்டு அது சமரசமாயிற்று. வட கர்நாடகக் காடுகளின் சித்திப் பெண்கள் தைக்கும் 'கவந்தி'ப் போர்வைகளை ஆய்வாளர் ஹென்றி துரூவல் உலகறியச் செய்தார்; அப்பெண்களுக்கென 2004-இல் கூட்டுறவு ஒன்றும் தொடங்கப்பட்டது. கவந்தியின் நான்கு மூலைகளிலும் 'பூ' எனப்படும் மடித்த துணித்துண்டு வைக்கப்படும். பூ இல்லாத போர்வை ஆடையற்றது என்பது அவர்கள் வழக்கு. பார்ப்பவர் கண்ணுக்கு அது சிறிய முக்கோணம். தைத்தவருக்கு அதுவே நிறைவு.

பாயி அந்தத் தொகையில் கோதடி ஊசியும் கெட்டி நூலும் வாங்கினார். பரிசாக வந்த சேலை செயற்கை இழை. கோதடிக்கு உதவாது என்று சொல்லி மகளுக்குக் கொடுத்துவிட்டார். ஆஜியின் பெட்டியில் எஞ்சிய இரண்டு சுங்குடிச் சேலைகள் இப்போது பாயியின் வீட்டில் இருக்கின்றன. அவருடைய இளைய மகள் மூலையிலிருந்து தைக்கத் தொடங்கியிருக்கிறாள். தையல் கோணலாகத்தான் போகிறதாம்.