பிக்சர் டியூப் இருந்த காலம்

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தூரதர்சன் நிலையம் தொடங்கியதை அடுத்து, டயனோரா, சாலிடேர் என்று நம் சென்னையிலேயே உருவாகி, இழுத்து மூடும் மரக்கதவுகளோடு கூடங்களில் வீற்றிருந்த அந்தக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டிகளின் மீது எனக்குள்ள பிரியம் இன்றும் குறையவில்லை. பிக்சர் டியூப் என்னும் குழாயின் பின்கழுத்திலிருந்து புறப்பட்ட எலெக்ட்ரான் கற்றை, ஒளிர்பூச்சுப் பெற்ற கண்ணாடியின்மேல் 625 வரிகளாக, விநாடிக்கு 25 முழுச் சித்திரங்களை ஓயாது வரைந்துகொண்டிருந்ததும், சுவிட்சை அணைத்தவுடன் திரை நடுவே வெண்புள்ளியாய்ச் சுருங்கி மறைந்ததும் மகத்தான வித்தைகளே. 1982இல் வர்ணம் வந்தது.

குழாயின் ஆழம் வேண்டாத இன்றைய எல்.இ.டி. திரை சுவரோடு ஒட்டிக்கொண்டது. தெளிவில் அதுவே உயர்ந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆயினும், பின்மூடியைக் கழற்றிப் பழுதான பாகத்தை மட்டும் மாற்றித் தரும் மெக்கானிக்கின் சாமர்த்தியம் அருகிவருவது எனக்கு மெய்யான விசனம்.