வெட்டுறதுக்கு முன்னால ஒரு கடிதம்



நம்ம தொண்டர் குழுவில் உள்ள தம்பியோட மோரிஸ் மைனர் காடி எப்போ ஓடும், எப்போ பூஜைக்கு வரும்னு நிறைய பேர் கேக்குறீங்க. தனித்தனியா பதில் சொல்றதை விட இங்கேயே எழுதிடுறோம். பழைய காடி வெச்சிருக்கிறவங்களுக்கும் உதவும்.

அவங்க அப்பா தோட்டத்தில் டிரஸரா இருந்தப்போ வாங்கின காடி அது. அப்பா இப்போ இல்லை. அம்மாவை வெள்ளிக்கிழமை அந்தக் காடியிலேயே கோயிலுக்குக் கூட்டிட்டு வரணும்ங்கிறதுதான் தம்பியோட ஆசை. ஆனா பழைய 1098 சிசி இன்ஜின் பிளாக்கில் விரிசல். அதனால 1290 சிசி டொயோட்டா 4கே இன்ஜினை, அதோட ஐந்து கியர் பாக்ஸோட சேர்த்து ஏத்தலாம்னு பேச்சு வந்துச்சு. பாகம் சுலபமா கிடைக்கும், ரிப்பேர் பண்ணவும் ஆள் இருக்கு.

இன்ஜின் உள்ளே உட்கார்ந்துடும். கியர் பாக்ஸ்தான் இடிக்குது. வொர்க்‌ஷாப் ஃபோர்மேன் அண்ணன் கீழே படுத்துப் பார்த்துட்டு, "நடுவுல இருக்கிற குறுக்குச் சட்டத்தைக் கொஞ்சம் வெட்டினா போதும், அரை நாள் வேலை"ன்னு சொன்னாரு. கட்டர் கையில இருந்துச்சு. நாங்க நிறுத்தச் சொன்னோம்.

காரணம் இதுதான். லாரிக்கு இருக்கிற மாதிரி தனி சேசிஸ் மோரிஸ் மைனருக்குக் கிடையாது. உடம்பும் அடித்தளமும் ஒண்ணா சேர்ந்த கட்டுமானம். முன் சஸ்பென்ஷனுக்குச் சுருள் ஸ்பிரிங்கும் இல்லை. முறுக்கிக்கொடுக்கிற டோர்ஷன் பார்னு ரெண்டு நீளக் கம்பிதான். அந்த ரெண்டோட பின் முனையும் பூட்டியிருக்கிறது அதே குறுக்குச் சட்டத்தில். முன் பக்க பாரத்தோட முறுக்கு முழுக்க அங்கேதான் வந்து இறங்குது. நடுவில் வெட்டிட்டு மேல ஒரு தகட்டை ஒட்டினா, வெளியே பார்க்க ஒண்ணும் தெரியாது. குழியில் விழுந்து எழும்போது காடிக்குத்தான் தெரியும். உள்ளே உட்கார்ந்திருக்கப் போறது வயசான அம்மா.

அடுத்தது சட்டம். இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் கிராண்டில் பதிவாகி இருக்கு. இன்ஜின் மாத்தினாலும் கட்டுமானத்தில் கை வெச்சாலும் முதலில் ஜேபிஜே அனுமதி வேணும். இன்ஜின் எங்கே வாங்கினோம்னு காட்ட ரசீது வேணும். வேலை முடிஞ்சதும் புஸ்பாகோம் பரிசோதனை, அப்புறம் கிராண்டில் புது நம்பர் ஏறணும். "யாரு பார்க்கப் போறா?"ன்னு சிலர் சொல்றாங்க. பேர் மாத்தும்போது நம்பரை ஒப்பிட்டுப் பார்ப்பாங்க. விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ்காரங்க கட்டாயம் பார்ப்பாங்க.

செலவுக்குப் பயந்தும் மறைக்க வேண்டியதில்லை. தீபகற்பத்தில் தனியார் காடிக்கு 1098 சிசி ரோட் டாக்ஸ் 55 வெள்ளி, 1290 சிசிக்கு 70 வெள்ளி. வித்தியாசம் வருஷத்துக்கு 15 வெள்ளி. நம்ம அர்ச்சனைத் தட்டு, பூமாலைச் செலவை விடக் குறைச்சல்.

இப்போ நிலைமை என்னன்னா, பொறியியலாளர் ஒருத்தரைக் கூப்பிட்டு அளவெடுக்க வெச்சிருக்கோம். டோர்ஷன் பார் பூட்டுற ரெண்டு பக்கமும் தொடாம, நடுவில் மட்டும் கீழே இறக்கிப் பெட்டி மாதிரி கட்டுற வரைபடம் போட்டுக் கொடுத்திருக்காரு. அதை வெச்சு விண்ணப்பம் போட்டாச்சு. பழைய காடிக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். கூடுற வேகத்துக்கு அது தாங்குமான்னும் சேர்த்தே பார்க்கச் சொல்லியிருக்கோம். பதில் கடிதம் வர்ற வரைக்கும் காடி வொர்க்‌ஷாப்பில் துணி போர்த்திதான் நிக்கும். அனுமதி கிடைக்கலைன்னா வேற பழைய 1098 இன்ஜின் தேடுவோம். அதுக்கும் தம்பி சம்மதிச்சுட்டாரு.

அம்மாகிட்ட இதைச் சொன்னோம். "அவசரம் இல்லைப்பா, அதுவரைக்கும் பஸ்ஸில் வரேன்"னாங்க.

டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்கிறதுக்கு முன்னால காடியோட அடியையும் கிராண்டையும் ஒரு தடவை பார்த்துடுங்க. இந்த மாதிரி வேலை செஞ்சு முறையா அனுமதி வாங்கின அனுபவம் யாருக்காவது இருந்தா, ஞாயிறு அன்னதானம் முடிஞ்சு பாத்திரம் கழுவுற இடத்துக்கு வாங்க. நாங்க அங்கேதான் இருப்போம்.