இங்கே ஒரு கோடு, அங்கே ஒரு கோடு

வலப்பனையில் மழை இறங்கிவிட்டால் கரண்ட் போவது புதிதல்ல, அன்றும் போயிற்று. கொப்பித் தாளின் நடுவில் கோடிழுத்து, இந்தப் பக்கம் வலப்பனை, அந்தப் பக்கம் கொழும்பு வெள்ளவத்தை என்று எழுதி, வாடகை, தண்ணீர் பில், பஸ் காசு, மருந்து என்று நிரப்பிக்கொண்டிருந்தேன். மகளுக்குக் கொழும்பில் வேலை, நீங்களும் வந்துவிடுங்கள் என்று அவள் நச்சரித்துக்கொண்டிருந்த காலம் அது. போனின் டோர்ச் தாளை வெளிறவைத்ததே தவிர எழுத்தைத் தெளிவாக்கவில்லை, பரணில் கிடந்த குப்பி லாம்பை எடுத்துப் பற்றவைத்தேன், 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340க்கு ஏறிய பிறகு எங்கள் வீட்டில் அரிதாகிப்போன அந்த வாசம், திரி கருகியதும் மெல்ல எழுந்து வந்து, இராகலைக்கு மேலே ஒரு லயத்துக் காம்பராவில் கொண்டுபோய் என்னை உட்காரவைத்தது.

அங்கே அடுப்படிச் சுவரில் அப்பாயி கணக்குப் போடுவாள். எழுத்துத் தெரியாது, அதனால் கரிக்கட்டியால் ஒரு கோடு ஒரு ரூபாய்க்கு, ஒரு சுழி பத்து ரூபாய்க்கு என்று தானே ஒரு முறை வைத்திருந்தாள், தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடிக்க வருகிறவர்கள் அந்த மூலையைத் தொடக்கூடாது. சூடான ரொட்டியும் ஈரக் கம்பளியும் வெற்றிலைக் காம்பும் கலந்த வாசத்தில், தாத்தா நீலக்கடுதாசியை லாம்புக்குக் கிட்டே பிடித்து வாசிப்பார், இந்தியாவுக்கு முன்னால் போனவர்கள் எழுதியது, நலம் நலமறிய எல்லாம் வேகமாக ஓடிவிடும், அரிசி விலை வரும் இடத்தில் மட்டும் வாசிப்பை நிறுத்தி எச்சிலைத் துப்பிவிட்டு வருவார், அதற்குள் அப்பாயி "அங்க" என்ற பக்கத்தில் கோடு போட்டு முடித்திருப்பாள்.

1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டபோது, எங்கள் தோட்டத்துச் சனத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள், மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். அரசாங்கங்கள் தலையை எண்ணின, அப்பாயி அரிசியை எண்ணினாள். மாவுக்கும் அரிசிக்கும் தட்டுப்பாடு வந்து, தோட்டத்துச் சனம் மரவள்ளிக்கிழங்கையும் கிடைத்த கீரையையும் அவித்துத் தின்ற அந்த எழுபதுகளின் நடுவில், சுவரில் "இங்க" என்ற பக்கம் கோடு போட இடமில்லாமல் கறுத்துப்போயிற்று. கணக்குப்படி இந்தியாதான் இலாபம். பெரியப்பா குடும்பம் கிளம்பியது, நானுஓயா ஸ்டேசனில் கோச்சி புறப்பட்டபோது ஜன்னலில் தொங்கியவர்களும் பிளாட்போமில் நின்றவர்களும் சேர்ந்து அழுத அழுகையில் எஞ்சின் சத்தமே கேட்கவில்லை, ஒப்பாரிக் கோச்சி என்று சனம் பெயர் வைத்தது சும்மா இல்லை.

ஆனால் அப்பாயி போகவில்லை. கோடு பார்த்தால் போகத்தானே வேணும் என்று தாத்தா கேட்டதற்கு, இராகலைக் கடை முதலாளி கொப்பியில எழுதிக்கிட்டு அரிசி தர்றாரு, அங்க எவன் நமக்குக் கொப்பி போடுவான் என்று அவள் சொன்னது, சிறுவனாக இருந்த எனக்கு வெறும் வீம்பாகத்தான் பட்டது.

பிறகு பல வருஷம் கழித்து நீலகிரியில் சேரம்பாடிக்குப் போனேன், தாயகம் திரும்பியோருக்காக 1968இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் ஒன்று, அதே மழை, அதே கொழுந்து வாசம், லயத்து வாசலில் அதே மாதிரி வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெரியப்பா. அங்கே இன்னும் அவருக்குச் சிலோன்காரர் என்றுதான் பெயர். உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே, இப்ப அங்க தேங்காய் என்ன விலை, மாசி என்ன விலை என்றார், நான் சொல்லச் சொல்ல இந்திய ரூபாயில் மாற்றிப் பார்த்துத் தலையாட்டினார், போய்ச் சேர்ந்து அத்தனை காலமாகியும் அவருடைய தாள் மூடப்படவில்லை. வந்த புதிதில் எந்தக் கடையிலும் கடன் தரவில்லையாம், பெரியம்மாவின் தோட்டை அடகு வைத்துத்தான் முதல் மழைக்காலத்தைத் தாண்டினார்களாம். அரிசி என்னமோ அங்க மலிவுதான்டா தம்பி, கையில காசு இருக்கிறவனுக்கு, என்றார்.

கரண்ட் வந்ததும் லாம்பை ஊதி அணைத்துவிட்டுத் தாளைப் பார்த்தேன், வெள்ளை லைட்டில் எண்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. 2024இல் தோட்டத்தில் நாட்சம்பளம் 1350 ரூபா ஆனது, வெள்ளவத்தையில் ஓரளவு நல்ல கடையில் இரண்டு பேர் மத்தியானம் சாப்பிட்டு எழுந்தால் அது போய்விடும், எங்கள் பக்கத்து லீக்ஸ் லொறி ஏறி அங்கே போய்ச் சேர்வதற்குள் தன் விலையைத் தானே மறந்துவிடும், இதையெல்லாம் எழுதியிருந்தேன். சம்பள நாள் பிந்தினாலும் சீனியும் பருப்பும் தருகிற கடை, ராத்திரியில் காசு பேசாமல் நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ எடுக்கிற பையன், இவற்றுக்கு நேராக அந்தப் பக்கத்தில் ஒன்றும் இல்லை, அப்பாயியின் வீம்புக்கு என்ன விலை என்று எனக்கு அப்போதுதான் பிடிபட்டது.

மகளிடம் சொன்னேன். "அதுக்குத்தான் கிரெடிட் கார்ட் இருக்கே அப்பா, இங்க யாரு கடைக்காரன்ட்ட போய்க் கடன் கேக்குறா?" என்றாள். நியாயம்தான், அதையும் எழுதிக்கொண்டேன், செலவுக் கணக்கில்.